காது குத்துவதற்கு முன் தோள்தழும்பைப் பாருங்கள்

காது குத்திய துளையின் அருகே சில மாதங்கள் கழித்துக் கெட்டியான ஓர் உருண்டை வளரத் தொடங்கினால், நம் வீடுகளில் முதற்பழி குத்தியவர் மேல் விழும். அடுத்த பழி கண்ணேற்றின் மேல். மூன்றாவது, பத்தியம் இருக்காமல் தின்ற நண்டு, இறால், கருவாட்டின் மேல். என் இடது காதில் அது வளர்ந்தபோது இந்த மூன்றும் வரிசையாகச் சொல்லப்பட்டன. என் தாயின் நெஞ்சு நடுவில், அம்மைக் கொப்புளம் ஆறிய இடத்தில் பல ஆண்டுகளாகத் தடித்துக் கிடந்த தழும்பை மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அதை நினைத்துப் பார்த்திருந்தால் பதினாறு வயதில் நான் இரண்டாவது துளையைக் குத்திக்கொண்டிருக்க மாட்டேன். கெலாய்டு என்னும் இந்தத் தழும்பு வளர்ச்சி வரக்கூடிய உடம்பு பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டிவிடுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள், குத்துவதா வேண்டாமா என்பதை ஊசி வருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள முடியும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், கெலாய்டு என்பது என்ன என்று தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தோலில் காயம் பட்டால், அடித்தோலில் உள்ள நார் உயிரணுக்கள் கொலாஜன் என்னும் புரத இழைகளை உண்டாக்கி அந்த இடத்தை இட்டு நிரப்புகின்றன. வேலை முடிந்ததும் அவை அடங்கிவிடுவதே இயல்பு. சிலருடைய தோலில் மட்டும் அந்த வேலை நிற்காமல் தொடர்கிறது. காயம் எப்போதோ மூடிய பின்னும் கொலாஜன் குவிந்துகொண்டே போய், காயம் பட்ட எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள்ளும் படர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மருத்துவர் அலிபேர், நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயரிட்டதும் அந்தப் படர்ச்சியைப் பார்த்துத்தான். இது புற்றுநோய் அன்று, ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதும் அன்று. ஆனால் அரிக்கும், சிலருக்குக் குத்திக் குத்தி வலிக்கும், தானாகப் பெரும்பாலும் மறையாது. கடலுணவு தின்பதால் இது உண்டாகிறது என்பதற்கு மருத்துவச் சான்று கிடையாது. ஆகவே பிள்ளையின் தட்டிலிருந்து மீனை எடுத்துவிட்டு நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

துளையருகே தோன்றும் எல்லா உருண்டையும் கெலாய்டு அல்ல. குத்திய சில வாரங்களுக்குள் சிவந்து, ஈரக்கசிவோடு, தொட்டால் நோகும்படி எழும்புவது பெரும்பாலும் உராய்வாலோ தொற்றாலோ வந்த புடைப்பு. காரணத்தைச் சரிசெய்தால் அது வற்றிவிடும். ஓரிரு மாதங்களில் தடித்தாலும் துளையின் எல்லைக்குள்ளேயே நின்று, காலப்போக்கில் மெல்லத் தணிவது தடித்த தழும்பு. கெலாய்டு பொறுமையாக வரும்: மூன்று மாதத்திலிருந்து ஓராண்டுக்குள், சில வேளை அதற்கும் பிந்தி, துளை நன்றாக ஆறிவிட்டது என்று எல்லாரும் மறந்திருக்கும் நேரத்தில், காதின் கீழ்ச்சதையான சோணையின் பின்புறத்தில் வழவழப்பான, கெட்டியான மேடாகத் தொடங்கும். முன்புறத்தில் தோடு அழகாகவே இருப்பதால், பின்னால் திருகாணி இருக்கும் இடத்தில் வளர்வதைப் பலர் விரல் தட்டுப்படும் வரை அறிவதில்லை. எனக்கும் தலைக்கவசத்தின் வாரை மாட்டும்போது உறுத்தியதால்தான் தெரிந்தது. அப்போதே அது ஒரு புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது.

இனி, குத்துவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். இதற்குக் கண்ணாடியும், நல்ல வெளிச்சமும், குடும்பத்தார் இரண்டு மூன்று பேரும் போதும்.

மலேசியாவில் பிறந்த ஏறத்தாழ எல்லாருக்கும், காசநோய்க்கு எதிராகப் பிறந்தவுடன் போடும் பிசிஜி தடுப்பூசியின் தழும்பு, தோளுக்குச் சற்றுக் கீழே, பெரும்பாலும் இடது கையில் இருக்கும். அதை விரலால் தடவிப் பாருங்கள். சுருங்கிய சிறு பள்ளமாகவோ தட்டையான வட்டமாகவோ இருந்தால் அது வழக்கமான தழும்பு. அது மேடிட்டு, பளபளத்து, ஊசி போட்ட அளவைவிடப் பலமடங்கு அகன்று, வெயிலில் நின்றாலோ வியர்த்தாலோ அரிக்கிறது என்றால், அந்தத் தோல் தன் குணத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டது. அடுத்து நெஞ்சு நடுப்பகுதி, தோள்கள், முதுகின் மேற்புறம், தாடையின் ஓரம் ஆகியவற்றைப் பாருங்கள். காதுச் சோணையோடு சேர்த்து, கெலாய்டு அதிகம் தோன்றும் இடங்கள் இவை. முகப்பருவோ, அம்மைத் தழும்போ, பழைய வெட்டுக்காயமோ இங்கே மேடாக நிற்கிறதா என்று கவனியுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: தட்டையான பிசிஜி தழும்பு இருப்பது காதில் கெலாய்டு வராது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. மேடான தழும்பு ஆபத்தைச் சொல்கிறது. தட்டையான தழும்பு எதையும் உறுதி செய்வதில்லை.

பிறகு குடும்பத்தாரிடம் கேளுங்கள். கெலாய்டுக்கான சாய்வு பரம்பரையில் ஓடுகிறது. பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு இருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு கூடுகிறது. கேட்கும் விதம் முக்கியம். "நம் குடும்பத்தில் யாருக்காவது கெலாய்டு உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்றே விடை வரும், ஏனென்றால் அந்தச் சொல் பலருக்குத் தெரியாது. "அம்மா, உங்கள் சிசேரியன் தழும்பு தடித்து அரிக்கிறதா? மாமா, உங்கள் தாடிப் பகுதியில் சிறு சிறு முடிச்சுகள் இருக்கின்றனவா? அத்தை, உங்கள் மூக்குத்தி ஓரத்தில் சதை வளர்ந்து எடுத்தீர்களே, அது என்ன?" என்று இடம் சுட்டிக் கேளுங்கள். என் வீட்டில் அப்படிக் கேட்டபோது தாயின் நெஞ்சுத் தழும்பு மட்டுமல்லாமல், பெரியம்மாவின் பித்தப்பை அறுவைத் தழும்பும் கயிறுபோலத் தடித்துக் கிடப்பது தெரியவந்தது. இருபது ஆண்டுகள் ஒரே மேசையில் சாப்பிட்டிருந்தும் எனக்கு அது தெரியாது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெலாய்டு கருநிறத் தோலுக்கே உரியது என்று பொதுவாகச் சொல்வதில் உண்மை உண்டு. ஆப்பிரிக்க, ஆசிய வம்சாவளியினரிடம் இது வெள்ளையரைவிட மிகுதி. ஆனால் 1969இல் வெளியான, மலேசியாவில் 175 பேரை ஆராய்ந்த ஒரு கட்டுரை, இந்தியரையும் மலாய்க்காரரையும்விடச் சீனரிடம் இது அதிகம் காணப்படுவதாகக் கூறியது. ஆகவே "நான் மாநிறம்தான், எனக்கு வராது" என்று நம்புவதும் தவறு, "நாம் கறுப்பு, வந்தே தீரும்" என்று அஞ்சுவதும் தவறு. குடும்ப வரலாறும் உங்கள் பழைய தழும்புகளும் நிறத்தைவிட நல்ல சாட்சிகள்.

வயதும் கணக்கில் சேரும். பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள்தான் கெலாய்டு மிகுதியாகத் தோன்றுகிறது. பூப்படையும் காலத்திலும் கருவுற்ற காலத்திலும் ஏற்கெனவே உள்ளது வேகமாக வளரக்கூடும். 2005இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வு, 11 வயதுக்கு முன் காது குத்தியவர்களைவிட 11 வயதிலோ அதற்குப் பின்னரோ குத்தியவர்களுக்குக் கெலாய்டு மிகுதியாக வந்ததைக் கண்டது. குடும்பத்தில் கெலாய்டு இருந்தால் குத்தாமலே விடுவது மேல், குத்தத்தான் வேண்டுமென்றால் இளம் குழந்தைப் பருவத்தில் குத்துவது மேல் என்பதே அதன் முடிவு. மடியில் கிடக்கும் வயதிலேயே காது குத்தும் நம் வழக்கம் இந்த வகையில் நல்ல வழக்கம் என்றே நான் நினைக்கிறேன். ஆபத்து கூடுவது பதின்ம வயதில், தோழிகளோடு பேரங்காடிக்குப் போய் இரண்டாவது, மூன்றாவது துளையைச் சோணையிலோ காதின் மேல்மடலிலோ குத்திக்கொள்ளும்போது. நான் செய்ததும் அதுதான். குழந்தைக்குக் குத்துவதானால், மலேசியாவில் 2, 3, 5 மாதங்களில் போடும், இரணஜன்னித் தடுப்பும் அடங்கிய ஊசிகள் முடியும் வரை காத்திருங்கள்.

இவ்வளவும் பார்த்த பின், உங்களுக்கே ஒரு கெலாய்டு ஏற்கெனவே இருந்தால் குத்த வேண்டாம் என்பதே என் தெளிவான கருத்து. ஒரு காதில் மட்டும் சோதனையாகக் குத்திப் பார்ப்பதும் பயன் தராது. ஒரு காதில் வராதது மறு காதில் வருவது உண்டு. காதணி விழா வேண்டுமென்றால் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, மாலை சாற்றி, சீர் வாங்கி, துளையில்லாமல் அழுத்திப் பிடிக்கும் தோட்டை மாட்டிவிடலாம். அந்தத் தோடுகளையும் நீண்ட நேரம் இறுக்கமாக விட்டுவைக்கக் கூடாது.

குத்துவதென்று முடிவு செய்தவர்கள் சோணையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேல்மடலில் குருத்தெலும்பு இருக்கிறது. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு, ஆறச் சோணைக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் என்றால் மடலுக்குப் பல மாதம் ஆகும், தொற்று பிடித்தால் மடலே சுருங்கிச் சிதைந்துவிடக்கூடும். நீண்டு நீடிக்கும் ஒவ்வொரு அழற்சியும், சாய்வு உள்ள தோலில் கெலாய்டுக்கு அழைப்பாகும். யாரிடம் குத்துவது என்பதும் இதனாலேயே முக்கியம். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் அணிகலன் கடைகளிலும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் துப்பாக்கி, மழுங்கிய தோட்டின் முனையை விசையால் தோலுக்குள் அறைகிறது. அந்தப் பிளாஸ்டிக் கருவியை அழுத்த நீராவியில் இட்டு முழுமையாகக் கிருமி நீக்க முடியாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கூரிய உட்குழல் ஊசியால் குத்தும் கிளினிக்கையோ, பயிற்சி பெற்றவரையோ தேடுங்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் பினாங்கு லெபோ பாசாரிலும் பத்தரிடம் குத்துவதே உங்கள் குடும்ப வழக்கமென்றால், கையுறை புதியதா, ஊசி உங்கள் கண்முன் உறை பிரிக்கப்படுகிறதா என்று கேட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள். நல்ல பத்தர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

முதல் தோடு 916 தங்கமோ, உடலில் பொருத்தும் தரமுள்ள டைட்டேனியமோ ஆக இருக்கட்டும். வெள்ளைத் தங்கத்திலும் மலிவான கவரிங்கிலும் நிக்கல் கலந்திருக்கக்கூடும். நிக்கல் ஒவ்வாமை துளையை மாதக்கணக்கில் அரிக்கவைக்கும். திருகாணியை இறுக்கமாகத் திருகக் கூடாது, சோணைக்கும் அதற்கும் இடையே சிறிது இடம் இருக்க வேண்டும். ஜிமிக்கி, மாட்டல் போன்ற கனமானவை எல்லாம் முழுதாக ஆறிய பிறகுதான்.

துளையைப் பேணுவது எளிது, நாம்தான் கடினமாக்குகிறோம். கைகழுவிய பின், மருந்தகத்தில் கிடைக்கும் உப்புக்கரைசலால் நாளுக்கு இருமுறை கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி ஈரம் போக்கினால் போதும். தோட்டைச் சுழற்ற வேண்டாம். சுழற்றும் ஒவ்வொரு முறையும் உள்ளே புதிதாக மூடிய தோல் கிழிகிறது. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆறும் தோலையும் சேர்த்து எரிக்கின்றன. என் பாட்டி, தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசி வேப்பங்குச்சியைச் செருகிவைப்பார். அன்போடு செய்ததுதான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் குச்சியின் நாரும் மஞ்சள் துகளும் துளைக்குள் தங்கிவிடும், கெலாய்டுக்குச் சாய்வுள்ள தோல் அந்நியப் பொருளை எளிதில் மன்னிப்பதில்லை. நம் ஊர் வெக்கையில் வியர்வை எப்போதும் இருக்கும். ஆகவே மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் தலைக்கவசத்தை இழுத்து மாட்டும்போது காதைக் கையால் மூடிக்கொள்ளுங்கள், குத்திய பக்கம் படுக்காதீர்கள்.

சாய்வு உள்ளவர்கள், துளை முழுவதும் ஆறிய பின் ஓராண்டு வரை மாதம் ஒருமுறை சோணையின் பின்புறத்தைப் படம் பிடித்து வையுங்கள். அரிப்பும் கெட்டித்தன்மையும் சேர்ந்து தொடங்கினால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பட்டாணி அளவில் இருக்கும்போது சிகிச்சைக்கு அடங்குவது, நாவற்பழ அளவாகிவிட்டால் அவ்வளவு எளிதில் அடங்காது. மலேசியக் குடிமக்கள் அருகிலுள்ள அரசு சுகாதார கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டணத்தில் பார்த்து, பரிந்துரைக் கடிதம் பெற்று, கோலாலம்பூர் மருத்துவமனை, பினாங்கு மருத்துவமனை போன்றவற்றின் தோல் பிரிவுக்குச் செல்லலாம். நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். கருவுற்றிருந்தாலோ, பாலூட்டினாலோ, நீரிழிவு இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுப்பது அதைப் பொறுத்து மாறும்.

வழக்கமாக முதலில் தருவது டிரையாம்சினலோன் என்னும் ஸ்டிராய்டு ஊசி, நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை, நேரே உருண்டைக்குள். முதல் ஊசி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உருண்டை அவ்வளவு கெட்டியாக இருந்ததால் மருந்து உள்ளே போக மறுத்தது. மருத்துவர் கட்டைவிரலால் ஊசிக்குழாயை முழுப் பலத்தோடு அழுத்த, உருண்டை கண்ணெதிரே வெளிறி வெண்மையாவதைத் தாதி பிடித்த கண்ணாடியில் பார்த்தேன். வலிக்கும், மறைப்பதற்கில்லை. மூன்றாவது ஊசிக்குப் பிறகு அது ரப்பர் போல இளகியது, அரிப்பு நின்றது. ஊசி போட்ட இடம் வெளுக்கலாம், தோல் மெலியலாம். பிடிவாதமானவற்றுக்கு 5-ஃபுளோரோயூராசில் என்னும் மருந்தையும் சேர்ப்பார்கள். உறைகுளிர் சிகிச்சையும் உண்டு; நம் நிறத் தோலில் அது வெண்புள்ளி விட்டுச் செல்லக்கூடும் என்பதைக் கேட்டறிந்து ஒப்புக்கொள்ளுங்கள்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது அறுவையைப் பற்றி. கெலாய்டை வெறுமனே வெட்டி எடுத்துத் தைத்துவிட்டால், அது திரும்ப வளரும் வாய்ப்பு 45 முதல் 100 விழுக்காடு வரை என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. வெட்டும் ஒரு காயம்தானே. பத்தொன்பது வயதில் ஒரு கிளினிக்கில் பதினைந்து நிமிடத்தில் எனக்கு வெட்டிவிட்டார்கள். ஊசி பற்றியோ, மறுமுறை வருவது பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. இரண்டு மாதம் காது தட்டையாக இருந்தது, நானும் மகிழ்ச்சியாக ஜிமிக்கி போட்டேன். நான்காவது மாதம் அரிக்கத் தொடங்கியது. ஆண்டு முடிவதற்குள் புளியங்கொட்டை நாவற்பழம் ஆகிவிட்டது. ஆகவே அறுவையைப் பரிந்துரைப்பவரிடம், கத்தி எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "அறுவைக்குப் பின் என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை மாதத்துக்கு?" விடையில் தொடர் ஸ்டிராய்டு ஊசியோ, அழுத்தக் கிளிப்போ, கதிர்வீச்சோ இடம்பெற வேண்டும். கதிர்வீச்சு, அறுவை முடிந்த ஓரிரு நாளுக்குள் தொடங்கப்படுவது. பிள்ளைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் ஏற்றதன்று. விடை இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அழுத்தக் கிளிப் என்பது சோணையை முன்னும் பின்னும் தட்டையாகப் பிடித்துக்கொள்ளும் தோடு போன்ற கருவி. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் உறக்கத்திலும் சேர்த்து, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கும் மேல் அணிய வேண்டும். சோணை வெளுத்தாலோ, நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ இறுக்கம் அதிகம்; தளர்த்துங்கள். சிலிக்கான் பட்டையையும் இவ்வாறே நாளின் பெரும்பகுதி, மாதக்கணக்கில் ஒட்டலாம், ஆனால் மூடிய தோலின் மேல்தான், புண்ணின் மேல் அன்று. இரண்டாவது அறுவைக்குப் பின் பதினான்கு மாதம் நான் கிளிப் அணிந்தேன். சலிப்பான வேலைதான், ஆனால் அதுதான் காப்பாற்றியது.

மருவுக்குச் செய்வதுபோல் குதிரைமுடி கட்டுவதும், சுண்ணாம்பு தடவி எரிப்பதும் கெலாய்டில் புதிய புண்ணையே உண்டாக்கும். அந்தப் புண்ணிலிருந்து இன்னும் பெரிய கெலாய்டு எழும். தைப்பூசத்துக்கு அலகு குத்திக்கொள்ள நேர்ந்துகொள்பவர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும்: முதுகிலும் நெஞ்சிலும் கொக்கி ஏறும் இடங்கள் கெலாய்டு விரும்பும் இடங்கள். காதில் ஏற்கெனவே தழும்பு வளர்ந்தவர், பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ பால்குடம் எடுத்து நேர்த்தியை நிறைவேற்றலாம். முருகன் அதை மறுப்பதில்லை என்று நான் முழுமனதோடு நம்புகிறேன்.

என் அண்ணன் மகளுக்குக் காது குத்தும் பேச்சு வந்தபோது, இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக் குடும்பத்தாரிடமும் உட்கார்ந்து கேட்டோம். எங்கள் பக்கம் தழும்பு இருந்தும், அண்ணனுக்கும் அண்ணிக்கும் தோல் தட்டையாக ஆறுவதைப் பார்த்து, ஏழாவது மாதத்தில், காதுக்கு ஒரு துளை மட்டும், சோணையில், ஊசியால் குத்தவைத்தார்கள். மாதந்தோறும் அவள் சோணையின் பின்புறத்தைப் படம் பிடிப்பது அத்தையாகிய என் பொறுப்பு. இதுவரை இரண்டு காதும் தட்டையாகவே இருக்கின்றன. வளர்ந்த பிறகு இரண்டாவது துளை வேண்டுமென்று கேட்டால் காட்டுவதற்காக, என் இடது காதின் பழைய படங்களையும் அதே கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன்.